அடிச்சருகின் ஈரம்

மலைச்சரிவில் ஒரு நெல்லி மரம் நின்றது. அதன் காலடியில் சருகு முழங்கால் உயரம் குவிந்துவிட்டதால், விழுந்த விதை எதுவும் மண்ணைத் தொடாமல் காய்ந்துபோனது. பல வருஷமாக அதற்கு ஒரு கன்றுகூட இல்லை.

பக்கத்துப் பாறையில் மலைக்காரர்கள் விட்டுப்போன சக்கிமுக்கிக் கல் கிடந்தது. ஆராய்ச்சிக்காரர்கள் ஈரம் அளக்க நட்டுப்போன ஈரமானிக் குச்சி சருகுக்குள் நின்றது.

"புரச மரம் பூத்தாச்சு. சின்னத் தீ வச்சுச் சருகைக் கழிச்சிடலாம் அக்கா. எங்க ஆளுங்க வழக்கம் அதுதான்," என்றது கல்.

"வச்சிடாதே அண்ணே! இந்த வருஷம் பூ முந்திடுச்சு. அடிவரைக்கும் வறண்டு கிடக்கு. அக்கா வேரோட போயிடுவாங்க," என்றது ஈரமானி.

"அப்போ எப்ப வைக்கறது, நீயே சொல்லேன் குச்சி?"

"ஈரம் எவ்வளவுன்னு சொல்லத்தான் தெரியும். எவ்வளவு இருந்தா தீ தணிஞ்சு போகும்னு தெரியாதே."

தீ மிஞ்சினால் நெல்லிக்குச் சாவு. சருகு கிடந்தால் அதன் வம்சத்துக்குச் சாவு. நெல்லி மெல்லக் கேட்டது: "கல்லுத் தம்பி, உங்க ஆளுங்க பூவை மட்டுமா பார்ப்பாங்க?"

கல் யோசித்தது. "சருகுக்குள்ள கையை விடுவாங்க. மேல்சருகு நொறுங்கணும், அடிச்சருகு விரல்ல ஒட்டணும்."

"அந்த அடியிலதானே நான் நிக்கறேன்!" என்றது ஈரமானி.

மூவரும் காத்திருந்தார்கள். புரசம்பூ உதிர்ந்தது. ஒரு தூறல் வந்து, பிறகு வெயில் அடித்தது.

"இப்ப ஒட்டும் அண்ணே," என்றது ஈரமானி.

"வைக்கட்டுமா அக்கா?"

"வை," என்றது நெல்லி.

கல் பாறையில் தன்னை உரசியது. தீ கணுக்கால் உயரத்தில் நடந்து, ஈரமானியின் தலையைக் கறுப்பாக்கி, நெல்லியின் பட்டையைச் சுட்டுவிட்டுத் தாண்டிப் போனது.

சாம்பல் ஆறியதும், நெல்லி உச்சிக்கிளையிலிருந்த கடைசிக் காயை உதிர்த்தது. அது மண்ணில் விழுந்த சத்தம் மூவருக்கும் கேட்டது.