ஆக்லாந்து – சென்னை: பன்னிரண்டு மணி நேரம்

"மாமியாருக்கு இன்னிக்கே ஆபரேஷன் பண்ணணுமாம். மருமக என்னடான்னா காலையில இருந்து போனையே நோண்டிக்கினு கெடக்கறா!"

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த தன் அக்காவுக்குத் துணையாக வந்திருந்த கெங்கம்மாள், வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னாள்.

பொன்னி காதில் வாங்கவில்லை. போனிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"அத்த, ஆஸ்திரேலியாவைத் தாண்டியாச்சு!"

வெள்ளையம்மாள் கண்ணைத் திறந்தாள். "பரவால்லியே. ஜல்தியாத்தான் வர்றான்."

வெள்ளையம்மாளுக்கு இதயத்தில் அடைப்பு. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு வந்து மூன்று நாளாயிற்று. இனியும் தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியும், கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். ஆக்லாந்தில் இருக்கும் மூத்த மகன் தேவாவைப் பார்க்காமல் தியேட்டருக்குள் போகமாட்டேன் என்று பிடிவாதம்.

இன்று காலை ஆறு மணிக்குத்தான் சின்ன மருமகள் பொன்னி, "பெரிய மாமா ப்ளேன் ஏறிட்டாரு அத்த" என்று ஓடி வந்தாள்.

"அந்த ஊரு எவ்ளோ தூரம் இருக்கும்?" கெங்கம்மாள் இப்போது கேட்டாள்.

"சென்னைக்குப் பதினோராயிரம் கிலோமீட்டருக்கு மேலங்க. ப்ளேன் மணிக்குத் தொள்ளாயிரம் போவுது. வகுத்துப் பாத்தேன், பன்னெண்டு பன்னெண்டரை மணி நேரம்." பொன்னி மாமியார் பக்கம் திரும்பினாள். "நீங்க கண்ணு முழிக்கறப்போ மாமா பக்கத்துல நிப்பாரு அத்த. கையெழுத்துப் போடுங்க."

வெள்ளையம்மாள் ஒரு நிமிடம் அவளையே பார்த்தாள். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

பொன்னி காகிதத்தோடு நர்ஸைத் தேடி ஓடினாள்.

தண்ணீர் பிடிக்கப் போன கெங்கம்மாள், பாதி பாட்டிலோடு வேகமாகத் திரும்பி வந்தாள்.

"பெரியம்மா, சொல்லக் கூடாதுதான். ஒங்க மருமக மாடிப்படியில நின்னு போன்ல அழுவறா. 'லீவு இல்லன்னா பரவால்ல மாமா. நீங்க வரலன்னு அத்தைக்கு மட்டும் தெரிய வேணாம்'னு. ஒங்க புள்ள ப்ளேனே ஏறலயாம். ஒங்கள நல்லா ஏமாத்தியிருக்கா!"

"எனக்குத் தெரியும்."

கெங்கம்மாள் பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"பேரன் பொறந்தப்போ நானு ஆக்லாந்து போய் வந்தவதான். அங்கேர்ந்து நேரா வர்ற ப்ளேனே கெடையாது. சிங்கப்பூர்ல எறங்கி, மணிக்கணக்கா ஒக்காந்து, வேற ப்ளேன் ஏறணும். முழுசா ஒரு நாள் ஓடிப்போவும். இது பாவம், ஏர்போர்ட்டையே பாத்ததில்ல. கணக்குப் போட்டு நேரா ஓட்டிக்கினு வருது."

"தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்டீங்க?"

"மெதுவாப் பேசு, வந்துடப் போறா." வெள்ளையம்மாள் வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "காலையில இருந்து அது வாயில பச்சத் தண்ணி படல. நான் பொழைக்கணும்னு அவ்ளோ பெரிய ப்ளேனை ஒண்டியா ஓட்டிக்கினு வருதே... அது வந்து எறங்கறப்போ நான் இருக்க வேணாமா?"