அளந்த காற்று

கடல்பாசிப் பண்ணையில் முக்குளிப்பவர்கள் தினமும் உடற்பயிற்சி செய்தாக வேண்டும். குறைந்தால், அசைவையும் மூச்சையும் அளந்து பண்ணைக்குச் சொல்லும் கைப்பட்டை கடலில் இறங்க விடாது. பிரிட்டோவுக்கு முழங்கால் வீக்கம். அதனால் அவன் மனைவி ஜெசிந்தா பட்டையைத் தன் கையில் கட்டிக்கொண்டு, ஒரு மாதமாக மாடிப்படியில் மூச்சிரைக்க ஏறி இறங்கினாள்.

திங்கட்கிழமை படகுத்துறையில் அவனுக்குக் கிடைத்த காற்று சிலிண்டர் பாதிதான் நிரம்பியிருந்தது.

"வாழ்த்துகள்! உங்கள் நுரையீரல் வலுத்துவிட்டது. இனி இந்தக் காற்றே போதும்" என்றது இப்போது அவன் கையில் இருந்த பட்டை.

துறைக்கு உடன் வந்திருந்த ஜெசிந்தாவிடம் பிரிட்டோ திரும்பினான். "ஏட்டி, இது ஒன் மூச்சுக்கு அளந்த காத்துல்லா! இத வச்சு நான் எப்படிப் போயிட்டு வர?"

கல்யாணத்துக்கு முன்பு அதே பண்ணையில் முக்குளித்தவள் ஜெசிந்தா. கொண்டுவந்த சோற்றுவாளியை அவன் மடியில் வைத்தாள்.

"அப்போ நாந்தான் போகணும். பட்டையக் கழத்துங்க" என்றாள்.