ஈரம் பார்க்கும் தாள்

செத்துப்போன ராயப்பன், டைல்ஸ் ஒட்டிய கூலியில் கபிரியேலுக்கு ஆறாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய் பாக்கி வைத்திருந்தார். அது அவர் மகள் லிஜிக்குத் தெரியாது. வண்டன்மேட்டு வீட்டில் அப்பா படுத்திருந்த அறைக்கு லேமினேட் பலகைத் தரை போட அவள் கபிரியேலையே கூப்பிட்டாள். வேலை முடிந்ததும் பாக்கியைக் கேட்டு வாங்கி, தன் மகளின் நர்சிங் பீஸைக் கட்டிவிடலாம் என்றிருந்தார் அவர்.

சிமெண்டில் ஈரம் இருந்தால் பலகை உப்பிவிடும். அதனால் தரையில் பாலித்தீன் தாளை விரித்து, ஓரம் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பார்த்தார். மறுநாள் தாளின் அடியில் சுவரோரம் மட்டும் இரண்டு பாதங்களின் வடிவில் நீர் முத்து முத்தாக நின்றது. இடது காலில் சுண்டுவிரல் இல்லை. ராயப்பனுக்கும் இல்லை. விரல்கள் சுவரைப் பார்த்திருந்தன.

துடைத்துவிட்டு மறுபடி ஒட்டினார். அடுத்த நாளும் அதே இடத்தில் அதே பாதங்கள்.

"என்ன மாமா, மழையே இல்லாம ஒழுகுதா? இல்ல, நாளக் கடத்துறீங்களா?" என்றாள் லிஜி.

கபிரியேல் பாதங்களுக்குப் பக்கத்தில் வெகுநேரம் குந்தியிருந்தார்.

"விடுங்கண்ணே, அந்தப் பாக்கி எனக்கு வேண்டாம்," என்றார் மெதுவாக.

"யார்கிட்ட மாமா பேசுறீங்க?"

"தரைகிட்டதான் தாயி."

மறுநாள் பாதங்கள் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தன. அதற்கடுத்த நாள் தாளின் அடியில் ஒரு சொட்டும் இல்லை. கபிரியேல் முதல் பலகையைப் போட்டார்.