பிடிகொடுக்காத ஓட்டு

"கேட்டுப் பாத்துட்டேன் தம்பி. அவுக வாயே தொறக்கல" என்றாள் கோமதியம்மாள், அறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு.

பிரம்மநாயகம் கழுத்து வியர்வையைத் துடைத்தான். ஆளுங்கட்சி தாராவிக்கு அனுப்பிய தமிழ் ஆள் அவன். அன்று சாயங்காலம் மேயர் தேர்தல். நகர மன்றத்தில் இரண்டு கட்சியும் சரிக்குச் சரியாக நின்றன. சுயேச்சை என்று இருந்தவர் ஒரே ஒருவர். அந்த ஒருவர், தோல் கிடங்குத் தொழிலாளி வெயிலுமுத்து, நாலைந்து நாளாகக் காய்ச்சலில் கிடந்தார்.

போன வாரம்வரை அவர் வணக்கம் சொன்னால்கூடத் திரும்பிப் பார்க்காதவர்களுக்கு இன்று அவர் அண்ணாச்சி. ஒற்றை ஓட்டுக்கு வந்த வாழ்வு அப்படி.

"மதினி, நாங்க ஜெயிச்சா அண்ணாச்சிதான் தண்ணி கமிட்டிக்குத் தலைவர். எங்க பெரியவரே சொல்லிட்டார்."

"பதவியில எல்லாம் அவுகளுக்கு இனி ஆசை கெடையாது."

"பின்ன என்னதான் வேணும்?"

கோமதியம்மாள் சந்து முனையைக் காட்டினாள். அங்கே ஒரு குழாய் நின்றது. சீனாக்காரன் சண்டைக்கு முந்தின வருஷம் நட்டது. நட்டவர்கள் ரோட்டடியில் ஓடும் பெரிய குழாயோடு அதை இணைக்காமலே போய்விட்டார்கள். சந்து இன்னும் சாக்கடையோரக் கிணற்றைத்தான் குடித்துக்கொண்டிருந்தது.

"போன மழைக்கு எங்க மக பேச்சி கழிச்சல்லதான் போனா. தண்ணி தண்ணின்னு அவ கேட்டது இப்பவும் எங் காதுல கேக்கு. அதுக்காவத்தான் அவுக எலெக்சன்ல நின்னது. அந்தக் குழாயில தண்ணி வரணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"அவ்வளவுதானே? ஜெயிச்ச மறுநாளே விட்டுடறோம்."

"மொதல்ல தண்ணி. அது வராம இந்தக் கட்டில விட்டு எறங்க மாட்டாவ."

ஆற்றைக் கடக்கும்வரைதான் அண்ணன் தம்பி என்பது அந்தச் சந்துக்கு நன்றாகவே தெரியும். பிரம்மநாயகம் சுற்றிலும் பார்த்தான். எந்நேரம் போனாலும் இந்த வீட்டில் கடுங்காப்பி கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தான். இன்று அடுப்பே பற்றவைக்கவில்லை. சாம்பலில் பூனை படுத்திருந்தது. மதினிக்குக் கட்சி மேல் அத்தனை கோபம் என்று எடுத்துக்கொண்டான்.

வாசலில் பெண்கள் காலிக் குடங்களோடு சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வீட்டுப் பூமாரி முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்திருந்தாள். எதிர்வீட்டு ஹபீபா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை குடங்கள் கூடியும் ஒரு சண்டை இல்லை, ஒரு பேச்சு இல்லை. அவனுக்கு அது என்னவோ பிடிக்கவில்லை.

"நான் உள்ளே போய் ஒரு வார்த்தை பேசிக்கிறேனே?"

"இப்ப அவுகளோட பேச முடியாது தம்பி. எதிர்க்கட்சி ஜீப்பும் ரோட்டுலதான் நிக்கி. யாரு மொதல்ல தண்ணி விடுதாவளோ அவுக வந்து கூப்பிடட்டும். நான் மறிக்க மாட்டேன்."

ஜீப் என்றதும் பிரம்மநாயகம் ஈரானி ஹோட்டல் போனுக்கு ஓடினான். வருஷக்கணக்கில் நகராத வேலை அன்று ஒரு போனில் நகர்ந்தது. லாரி வந்தது, கடப்பாரை வந்தது, மராத்திக்கார மேஸ்திரி ஆட்களை விரட்டி வேலை வாங்கினான். உச்சி சாய்வதற்குள் ரோட்டுக் குழியில் இரண்டு குழாயும் ஒன்றாகிவிட்டன.

குழாய் முதலில் இருமியது. பிறகு துருத் தண்ணீர், அதற்குப் பிறகு கண்ணாடி மாதிரி நல்ல தண்ணீர். ஒருத்திகூடக் கைதட்டவில்லை, குலவை போடவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு முந்தவும் இல்லை. பிரம்மநாயகம் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

வெயிலுமுத்துவின் தம்பி செல்லப்பாண்டி சட்டையில்லாமல் வந்தான். குழாயடியில் தலையை நனைத்துக்கொண்டு, முதல் குடத்தைப் பிடித்துத் தோளில் வைத்தான். நாலு பேர் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து அவன் தலைக்கு மேலே பந்தல் மாதிரி பிடித்தார்கள். தெற்கத்தி ஆட்கள் எவரும் அதைக் கண்டதும் செருப்பைக் கழற்றி ஒதுங்கியிருப்பார்கள். பிரம்மநாயகம் இதே நகரத்து மாதுங்காவில் பிறந்து மாதுங்காவிலேயே வளர்ந்தவன்.

"என்ன மதினி, குழாய்க்குப் பூசையா? வோட்டிங்குக்கு நேரமாச்சு. அண்ணாச்சிய எழுப்புங்க."

கோமதியம்மாள் அவன் பக்கம் திரும்பவில்லை. கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, விடியற்காலையிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தாள்.

"அவுகளக் குளிப்பாட்டத் தண்ணி வந்துட்டு, இனி வாய்விட்டு அழுங்க."