கறுப்புக் கவுனும் ஒரு மணி நேரமும்

மாலைத் தையல் வகுப்பில் இன்று எனக்குத் தேர்வு. நான் தைத்த கவுனை ஒருவர் ஒரு மணி நேரம் அணிந்திருக்க வேண்டும். அணிந்தவர் உடம்புக்கு எங்கே வசதி இல்லையோ அங்கே இந்த மாயத் துணி தானாகச் சிவக்கும். மணி அடிக்கும்போது சிவப்பு இருந்தால் தோல்வி.

மற்றவர்கள் அடர் மெரூன் எடுத்தார்கள். அதில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. நான் மட்டும் கறுப்பு; அதில் சிவப்பு பளிச்சென்று தெரியும். தவறு செய்துவிட்டேனோ?

அணிந்தவர் பக்கத்து வீட்டு அக்கா மெர்சலின். அளவை நான்கு முறை எடுத்திருந்தேன்.

ஐம்பதாவது நிமிடம் இடுப்பில் சிவப்பு பரவியது! தையலைத் தடவினேன், தளர்வாகத்தான் இருந்தது.

"உண்மையைச் சொல்லுங்கக்கா, எங்க பிடிக்குது?"

"எங்கயும் பிடிக்கலடி. உன் கவுன் கசங்கிடுமேன்னு போட்டதுலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கேன். இடுப்பு விட்டுப்போச்சு."

"ஐயோ, கசங்கட்டும்! உட்காருங்க!"

அக்கா தயங்கியபடி உட்கார்ந்தார். கவுன் நன்றாகக் கசங்கியது. சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. மணி அடித்தபோது முழுக்கக் கறுப்பு!

ஆசிரியர் 'தேர்ச்சி' என்று எழுதியதை மூன்று முறை படித்தேன்.

"வாங்கக்கா, கவுனை மாத்திட்டுக் கிளம்பலாம்."

"இன்னும் பத்து நிமிஷம்டி," என்றார் அக்கா, சாய்ந்துகொண்டு.