கண்களுக்கு நடுவே

கணவர் இறந்த பிறகுதான் குமுதவல்லி அவருடைய விஆர் ஹெட்செட்டை முதன்முதலாக மாட்டிப் பார்த்தாள். அதைக் கண்ணில் மாட்டிக்கொண்டு அவர் கண்ட காட்சிகளையெல்லாம் அது சேமித்து வைத்திருந்தது. ஆனால் எல்லாமே மங்கலாக, இரண்டிரண்டாகத் தெரிந்தன. எங்காவது ஒரு நிலைக்கண்ணாடி முன்னால் அவர் நின்றிருக்க மாட்டாரா, அந்த முகத்தை ஒருமுறை தெளிவாகப் பார்த்துவிட முடியாதா என்று பழுது பார்க்கும் கடைக்கு எடுத்து வந்தாள்.

"சேலைத் தலைப்பால தொடச்சுத் தொடச்சே பாதி லென்ஸைத் தேச்சுட்டீங்களேக்கா," என்று சிரித்தாள் கடைக்காரி ரிஸ்வானா. பிறகு உள்ளே பார்த்தாள். "பழுது ஒண்ணும் இல்ல. சாருக்கு ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இடம் ஜாஸ்தி. அந்த அளவுலயே நிக்குது. உங்க அளவுக்கு மாத்தினா பளிச்சுன்னு தெரியும், ஆனா அவரோட அளவு அழிஞ்சிடும். மொதல்ல பதியாம, சும்மா உங்க அளவுல வெச்சுத் தரேன், பாருங்க."

காட்சி தெளிந்தது. மொட்டைமாடியில் ஒருத்தி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளே பேருந்து நிறுத்தத்தில் குடையோடு நின்றாள். சாப்பாட்டு மேசையில் யாரையோ முறைத்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் குமுதவல்லிதான் இருந்தாள். அவர் எங்குமே இல்லை.

அவள் ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாத்திடட்டுமாக்கா?"

"வேண்டாம்மா. இதுல அவரோடதுன்னு இருக்கிறது அந்த அளவு ஒண்ணுதான்."

வீட்டுக்கு வந்ததும் மறுபடி மாட்டிக்கொண்டாள். மங்கலில் ஒருத்தி இரண்டு பேராகத் துணி உலர்த்தினாள். இம்முறை குமுதவல்லி லென்ஸைத் துடைக்கவில்லை.