பளபளக்கிற பக்கம்

மறுபடியும் திரையில் அதே வரி. இது காலி சிடி. இதில் எதைப் பதிய வேண்டும்?

"காலியாம்," என்றார் அவர், யாரிடம் என்றில்லாமல்.

பொத்தானை அழுத்தினார். லேப்டாப் தட்டை வெளியே நீட்டியது. சிடியின் மேல் பச்சை மார்க்கரில் அவருடைய கையெழுத்து. செண்பகம் பாட்டு. மகள் மங்கை பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்த காலம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய ஜோரில், வீட்டிலேயே மைக் வைத்து, அவரே உட்கார்ந்து ரைட் செய்தது.

அது காலியாம்.

லேப்டாப்பை அணைத்துப் போட்டார். டிவியிலிருந்து தண்ணீர் மோட்டார் வரை இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான் வைத்தியம். மூடியின் ஓரத்தில் போன சரஸ்வதி பூஜைக்கு வைத்த பொட்டு மங்கலாக இருந்தது.

போட்டார். காலி.

கட்டிலில் தலையணையில் சாய்ந்தபடி அவர் மனைவி செண்பகம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வைகாசியில் வந்த பக்கவாதம் அவளுடைய வலது கையையும் பேச்சையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு போனது. கை கொஞ்சம் திரும்பியிருக்கிறது. பேச்சு வரவில்லை. ஒரு சொல்கூட.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா நேற்றுத்தான் சொன்னார். "பேச வராதவங்களுக்கும் சில சமயம் பாட்டு வருங்க. அவங்களே பாடின பாட்டு, அவங்க குரல்லயே ஏதாவது இருந்தா போட்டுவிடுங்க. கூடச் சேர்ந்து பாட வாய்ப்பிருக்கு."

அதிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

முதலில் அவரே பாடிப் பார்த்தார். செண்பகம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாடாமலே இருந்திருக்கலாம்.

இப்போது பெங்களூரிலிருக்கும் மங்கையைப் போனில் கூப்பிட்டார்.

"கடையில வாங்கின சிடி ஏதாவது போடுங்கப்பா. அது பாடுதான்னு பாருங்க."

முருகன் பாட்டு ஒன்று இருந்தது. கணீரென்று பாடியது. செண்பகம் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"அப்ப மெஷின்ல ஒண்ணுமில்ல. நம்ம சிடிலதான் கோளாறு. பின்பக்கம் கீறல் இருக்கா?"

அப்போதுதான் அவர் திருப்பிப் பார்த்தார்.

நடு ஓட்டையைச் சுற்றி நாலு பொட்டு. சந்தனம், அதன் மேல் குங்குமம். காய்ந்து அப்பிப்போயிருந்தது.

பூஜைக்குப் புத்தகங்களை அடுக்கும்போது செண்பகம் இந்த சிடிகளையும் சேர்த்து அடுக்குவாள். அதற்கும் பொட்டு வைப்பாள். மேல்பக்கம் வைத்தால் அவர் எழுதியது அழிந்துவிடுமே என்று திருப்பி வைத்திருக்கிறாள்.

மூன்று சிடி. மூன்றிலும் அப்படியே.

"அறிவிருக்கா உனக்கு? பளபளன்னு இருக்கற பக்கமா பாத்தா பொட்டு வைப்பே? அந்தப் பக்கந்தானடி பாட்டு இருக்கு!"

கத்திவிட்டு நின்றார்.

பதிலுக்காக நின்றார். அவர் ஒன்று சொன்னால் அவள் ஒன்பது சொல்வாள். எழுதின பக்கம் வச்சிருந்தா அதுக்கும்தான் கத்துவீங்க என்பாள். அப்படித்தான் இத்தனை வருஷம் ஓடியது.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

செண்பகத்தின் கண் நிறைந்துவிட்டது. அவருக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

போனில் மங்கை, "நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா தொடைங்கப்பா. வட்டமா தேய்க்காதீங்க. அப்புறம் கூப்பிடுங்க," என்று வைத்துவிட்டாள்.

பழைய வேட்டித் துணியை நனைத்துக்கொண்டு வந்தார்.

முதல் சிடியில் எழுதின பக்கத்தைப் பிடித்த விரலோடு ஏதோ ஜிகினா மாதிரி உரிந்து வந்தது. அதை ஓரமாக வைத்தார். இரண்டாவது சுத்தமாகத் துடைத்த பிறகும் காலி என்றது.

மூன்றாவதைப் போட்டார். உள்ளே சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது.

*கரண்டி தூங்கிருச்சு, கதவு தூங்கிருச்சு,*
*கம்பியில காக்கா தூங்கிருச்சு,*
*அப்பா மட்டும்தான் தூங்கலையே.*

மங்கையைத் தூங்கவைக்க செண்பகம் தானாகவே கட்டிய பாட்டு. கண்ணில் படுகிற சாமானையெல்லாம் அதில் சேர்த்துக்கொள்வாள்.

அவர் அவள் உதட்டையே பார்த்தார்.

மூடியிருந்தது.

அடுத்த அடி போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. உதடு மூடியேதான் இருந்தது. இதற்கும் வரவில்லையென்றால் அவரிடம் வேறு எதுவும் இல்லை.

பாட்டுக்கு நடுவே குக்கர் விசில் அடித்தது. பாட்டு நின்றது.

"ஏங்க, அந்தக் குக்கரை அணைங்களேன்."

அவர் எழுந்து போனார்.

அடுப்படிக்குள் நுழைந்து, கையை நீட்டி, அடுப்பின் திருகைத் தொட்ட பிறகுதான் உறைத்தது. அடுப்பு எரியவில்லை. குக்கர் அலமாரியில் கவிழ்ந்து கிடந்தது. விசிலடித்தது சிடிக்குள். அவள் விழுந்ததிலிருந்து மெஸ் சாப்பாடுதான்.

மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆஸ்பத்திரியில்கூட அவர் அழவில்லை.

உள்ளே பாட்டு மறுபடி தொடங்கியிருந்தது.

*செருப்பு தூங்கிருச்சு, செம்பு தூங்கிருச்சு,*
*சுவத்துல பல்லியும் தூங்கிருச்சு,*
*அப்பா மட்டும்தான்...*

கரகரவென்று ஒரு சத்தம். சிக்கிக்கொண்டது. சுற்றிப் பார்த்தது, முக்கிப் பார்த்தது, பிறகு அதுவும் அடங்கிவிட்டது. அவ்வளவுதான். இருந்த ஒன்றும் போயிற்று.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அறையிலிருந்து, சுருதி சேராமல், நாக்குப் புரளாமல், மிச்சமிருந்த சொல் வந்தது.

"தூங்... கலையே."

அவர் அடுப்படியிலேயே நின்றார். அசைந்தால் நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது.